அஞ்சா நெஞ்சினர் நாடியா அம்மையார்

பெரியோர் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அரசரையும் அறிஞரையும் அருளாளரையும் நாட்டுத் தலைவரையுமே பெரும்பாலும் தேர்ந்துகொள்வர். அது தக்கதே. ஆயினும், கற்றோர் அவையில் இடம்பெறாது, சில அணாக் காசு கொடுத்துத் தரையில் அமர்ந்து படக்காட்சி கண்ட ஏழை எளியோரின் உள்ளத்தில் மட்டும் அரியணை பெற்று வாழ்ந்தோரும் உலகில் உளர். அத்தகையோருட் சிலருடைய வாழ்க்கையை ஊன்றி நோக்குமிடத்து, ஏட்டிற் கற்கும் நீதிகள் பல அங்கே உயிரும் உடலும் பெற்று நடமாடக் காணலாம். பம்பாய்ப் பேசும்பட உலகிலே 1935-ஆம் ஆண்டு தொடங்கி நெடுங்காலம் அஞ்சா நெஞ்சினர் என்னும் அடைமொழியோடு விளங்கிய நாடியா அம்மையார் அவர்களுள் ஒருவர். அவரது வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே நம் நோக்கம்.

சினிமா நடிகை ஒருவரின் சரித்திரம் கல்லூரி ஆண்டு மலருக்கு ஏற்குமோ என ஐயுறுவாரும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுவோம். விடுமுறை நாளொன்றின் மாலையிலே காரைக்கால்மேட்டுக் கடற்கரையில், மணலில் ஏற்றிவைத்த படகுகளின் நிழலில், நம் மாணவர் சிலரோடு அளவளாவிக்கொண்டிருந்தோம். பேச்சு ‘ரங்கூன்’ என்னும் இந்திப் படத்தைப் பற்றித் திரும்பிற்று. அதிலே சாட்டையேந்தி வரும் நாயகி வெறுங் கற்பனை என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். அவ்வாறு ஒருவர் மெய்யாகவே வாழ்ந்தார் என்று நாம் கூறியபோது வியப்புற்றனர். அவ்வேளையில் மீன் கூடையைத் தலையிற் சுமந்த தாய் ஒருவர் கரையோரமாகச் சென்றார். மாணவருள் ஒருவர் முகம் கவிழ்ந்து, பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அவர் அத்தாயின் மகன் என்பதைச் சிறிது நேரத்தில் உணர்ந்தோம். இவ்வரலாற்றை எழுதத் துணிந்தது அக்கணத்திலேதான். காரணம் முடிவில் விளங்கும்.

நாடியா அம்மையாரின் இயற்பெயர் மேரி ஆன் எவான்ஸ் என்பதாம். ஆஸ்திரேலியாக் கண்டத்தின் மேற்கிலுள்ள பெர்த் நகரத்தில் 1908-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஸ்காத்லாந்து நாட்டு வழியினர். பிரிட்டிஷ் சேனையிற் பணிபுரிந்தவர். தாயார் கிரேக்கக் குலத்தினர். தந்தையின் படைத்தொழில் காரணமாகக் குடும்பம் பம்பாய்க்கு வந்து சேர்ந்தபோது மேரி சிறு குழந்தை. 1915-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரிலே, தந்தை உயிர் நீத்தார். பிறந்த நாடு கடலுக்கு அப்பால். தந்தையோ போர்க்களத்தில் மறைந்தார். புகலென்று எஞ்சியது தாய் ஒருவரே.

பின்னர் அவர் வாழ்ந்த இடம் அக்காலத்து வடமேற்கு எல்லைப்புற மாகாணத்துப் பெஷாவர் நகரம். இக்காலத்தில் அது பாகிஸ்தானைச் சேர்ந்தது. மலையும் குன்றும் சூழ்ந்த அவ்வெல்லைப்புறத்திலே மேரி குதிரையேற்றம் பழகினார். வேட்டையும் மீன் பிடித்தலும் துப்பாக்கி சுடுதலும் கற்றார். அந்நாளில் ஐரோப்பியக் குடும்பத்துப் பெண்கள் பியானோவும் பூவேலையும் பயில்வதே வழக்கம். இவரோ சேணமும் கடிவாளமும் கையாளத் தேர்ந்தார். பிற்காலத்தில் தமக்குச் சோறிடப்போவது இக்கல்வியே என்பதை அவர் அப்போது அறிந்திரார்.

1928-ஆம் ஆண்டில் தம் தாயோடும் சிறு மகனோடும் பம்பாய்க்குத் திரும்பினார். வயது இருபது, கையில் பொருளில்லை, ஆண்துணையில்லை, காப்பாற்ற வேண்டிய உயிர்கள் இரண்டு. இந்நிலையில் அவர் எந்தத் தொழிலையும் இழிவென்று கருதாது ஏற்றார். முதலில் ‘ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸ்’ என்னும் பெரிய கடையிலே பொருள் விற்கும் பெண்ணாக அமர்ந்தார். அதனினும் சிறந்த வேலை கிட்டுமென்று கருதிச் சுருக்கெழுத்தும் தட்டச்சும் பயின்றார். உடற்பருமனைக் குறைக்கும் எண்ணத்தோடு நடனம் பயிலச் சென்றவர், அஸ்திரோவா என்னும் ருஷிய மாதின் நடனக் குழுவிலேயே சேர்ந்துவிட்டார். அக்குழு ஊர் ஊராகச் சென்று, சேனை வீரர்க்கும் சுதேச மன்னர்க்கும் சாதாரண ஜனங்களுக்கும் ஆடிக் காட்டியது. அவ்வாறு சுற்றித் திரிந்த காலத்தில், ஆர்மீனியச் சோதிடர் ஒருவர் ஆங்கில ‘என்’ எழுத்திலே தொடங்கும் பெயரை வைத்துக்கொண்டால் நன்மையுண்டென்று கூற, மேரி நாடியா ஆனார் என்பர். சோதிடத்தை நாம் நம்புவோமல்லோம். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் ஜார்க்கோ என்னும் சர்க்கஸ் கூட்டத்திலும் சில காலம் பணியாற்றினார்.

இனி, அவரைப் புகழேணியில் ஏற்றிய வாடியா சகோதரர்களைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பம்பாய்ப் பார்சிகளுள் வாடியாக்கள் கப்பல் கட்டுவதிற் பெயர் பெற்ற குலத்தினர். 1817-ஆம் ஆண்டில் அக்குலத்தார் பம்பாயிற் கட்டிய ‘டிரிங்காமலி’ என்னும் போர்க்கப்பல், இருநூறாண்டு கடந்த பின்னரும் இங்கிலாந்திலுள்ள ஹார்ட்டில்பூல் துறைமுகத்திலே மிதந்து நிற்கிறது. கடலோடு வாழும் நம் காரைக்கால்மேட்டு அன்பர்க்கு அவ்வேலைத்திறத்தின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அக்குலத்துதித்த ஜே. பி. எச். வாடியா 1901-ஆம் ஆண்டிற் பிறந்தவர்; சட்டம் பயின்றும் அதனை விடுத்துச் சினிமாவை நாடியவர். அவர் தம்பி ஹோமி வாடியா பத்தாண்டு இளையவர். படம் பிடிக்கும் கலையிலே தேர்ந்தவர். இருவரும் நண்பர் சிலரோடு கூடி 1933-ஆம் ஆண்டில் ‘வாடியா மூவிடோன்’ என்னும் கம்பெனியை நிறுவினர். பம்பாய்ப் பரேல் பகுதியிலுள்ள முன்னோர் மாளிகையாகிய ‘லவ்ஜி காஸில்’ அவர்களுக்குப் படப்பிடிப்புக் கூடமாயிற்று.

லாகூர் நகரத்துக் கொட்டகை மானேஜர் ஒருவர் நாடியாவின் ஆட்டத்தைக் கண்டு, அவரை மூத்த வாடியாவிடம் அனுப்பினார். பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்ணும் பருத்த உடலும் உடையவர். இந்துஸ்தானி மொழியோ செவ்வையாக வாயில் நுழையாது. இத்தகையவரை இந்திய ரசிகர் ஏற்பரோ என வாடியா தயங்கியது இயல்பே. கருங்கூந்தற் சடையைப் பொருத்தி, நந்தாதேவி என்னும் பெயர் சூட்டலாமென்று அவர் கருதினார். நாடியா அதற்கு இசையவில்லை. தாம் தேவியல்லர் என்றும், நாடியா என்னும் பெயர் வாடியா என்பதோடு ஓசை பொருந்தி நிற்கிறதே என்றும் நகைத்து மறுத்தார். வயிற்றுப்பாட்டுக்காக வேலை தேடி வந்து நிற்கும் ஒரு பெண், வேலை கொடுப்பவர் முன்னிலையில் தம் உருவையும் பெயரையும் மறைக்க உடன்படாத இச்செயல் சிறிய செயலன்று. வாடியாவும் அதனை மதித்தார். இரண்டு படங்களிலே சிறு வேடங்கள் கொடுத்து ஜனங்களின் மனப்பான்மையை அறிந்த பின்னர், நாடியாவையே நாயகியாக வைத்து ஒரு முழுப் படம் எடுக்கத் துணிந்தார்.

அப்படமே 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹண்டர்வாலி’. சாட்டைக்காரி என்பது பொருள். கொடிய மந்திரி ஒருவன் அரசனைச் சிறைப்படுத்தி நாட்டை வருத்துகிறான். அரசன் மகளாகிய மாதுரி முகமூடி தரித்து, சாட்டையேந்தி, குதிரை மீதேறி, ஏழைகளைக் காத்து, தந்தையை மீட்கிறாள். கதை இவ்வளவே. ஹோமி வாடியா அதனை இயக்கினார். ஏறத்தாழ 80,000 ரூபாய் செலவாயிற்று என்பர். படம் முடிந்தும் வாங்குவாரில்லை. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஆண்களைத் தூக்கியெறிவதை யார் பார்ப்பர் என்று வினியோகஸ்தர் கைவிரித்தனர். வாடியாக்கள் தம் நண்பரோடு சேர்ந்து தாமே பணமிட்டு வெளியிட்டனர். படமோ 25 வாரம் ஓடியது. சாட்டை, இடுப்புவார், சீட்டுக்கட்டு முதலிய பண்டங்களை ஹண்டர்வாலி என்னும் பெயரிட்டுக் கடைக்காரர் விற்கலாயினர். அப்பெயருக்காக அவர்கள் கம்பெனிக்குக் காசொன்றும் கொடுத்தாரில்லை.

இதன்பின் படங்கள் தொடர்ந்து வந்தன. 1936-இல் ‘மிஸ் பிராண்டியர் மெயில்’, 1939-இல் ‘பஞ்சாப் மெயில்’, 1940-இல் ‘டயமண்ட் குவீன்’, 1942-இல் ‘ஜங்கிள் பிரின்ஸஸ்’ என்பன அவற்றுட் சில. ஓடும் ரயில் வண்டியின் கூரை மீது நின்று பகைவரோடு பொருதார், விளக்குத் தொங்கலைப் பற்றி ஊசலாடிக் கூடத்தைக் கடந்தார், வளர்ந்த ஆண்மக்களைத் தோளிலே தூக்கிச் சென்றார், சிங்கங்களோடு நடித்தார். இவற்றை வேறொருவர் செய்ய, முகத்தை மட்டும் காட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. கணிப்பொறியால் மாயக்காட்சி அமைக்கும் வித்தை அந்நாளிற் பிறக்கவே இல்லை. விழுந்தால் அடி மெய்யான அடியே. சிறுவயதிற் பெஷாவரிலே பழகிய குதிரையேற்றமும், நடனக் குழுவிலும் சர்க்கஸிலும் பெற்ற உடற்பயிற்சியும் ஒருங்கே பயன்பட்டன. கடையிற் பொருள் விற்றது முதல் சர்க்கஸ் ஆடியது வரை அவர் செய்த தொழில் எதுவும் வீண்போகவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அப்படங்களை அறிஞர் மதிக்கவில்லை. ‘ஸ்டண்ட் படம்’ என்று இகழ்ந்து, பெரிய கொட்டகைகளில் இடமளியாது ஒதுக்கினர். குறைந்த செலவு, விரைந்த வேலை, சண்டை, வேகம், வியப்பு என்னும் ஐந்தே அவற்றின் மூலதனம். குதிரைக்கு ‘பஞ்சாபின் மைந்தன்’ என்றும், பழைய ஆஸ்டின் மோட்டார் வண்டிக்கு ‘ரோல்ஸ்ராய்ஸின் மகள்’ என்றும் பெயர் கொடுத்து, அவற்றையும் நடிகராக்கினர். பெரிய வண்டி வாங்கப் பணமில்லாத குறையை ஒரு பெயரால் நகைச்சுவையாக மாற்றிவிட்ட அத்திறம் பாராட்டத்தக்கதன்றோ!

எனினும் அவை வெறும் அடிதடிப் படங்களென்று கூறுதல் உண்மையாகாது. மூத்த வாடியா எம். என். ராயின் கொள்கைகளிலே ஈடுபட்டவர். ஆங்கிலேயத் தணிக்கையாளரின் கண்ணுக்குப் புலப்படாவண்ணம், கொடுங்கோலை எதிர்க்கும் குடிகளின் உரிமையைக் கதையினுள்ளே பொதிந்து வைத்தார். ‘டயமண்ட் குவீன்’ படத்திலே பெண்கள் எழுத்தறிவு பெறுதலும் அடிமை நீங்குதலும் வலியுறுத்தப்பட்டன. வெள்ளைத் தோலும் பொன்னிறக் கூந்தலும் உடைய ஒருத்தி இந்தியப் பெண்ணாக நின்று கொடுங்கோலரைச் சாட்டையால் அடிக்க, அரசாங்கத்தார் தம்மைச் சுட்டியதென்று சொல்லவும் மாட்டாது, அன்றென்று சொல்லவும் மாட்டாது இருந்தனர். கொட்டகையிலோ சீட்டியொலி வானைப் பிளந்தது. பெண்கள் பலர் பேசும்படத்திலே கண்ணீர் வடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த காலத்தில், அடிப்பவனை மீண்டு அடிக்கும் பெண்ணொருத்தி வெண்திரையிலே தோன்றியது புதுமையினும் புதுமை.

அதன் எதிரொலி தமிழகத்திலும் கேட்டது. 1937-ஆம் ஆண்டில் ‘மின்னல்கொடி’ என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. கே. அமர்நாத் இயக்க, கே. டி. ருக்மிணி அம்மையார் கொள்ளைத் தலைவி வேடம் பூண்டு நடித்தார். பக்திக் கதைகளும் புராணங்களும் மலிந்திருந்த அந்நாளைய தமிழ்த்திரையில், குதிரையேறிப் போர்புரியும் பெண்ணுக்கும் இடமுண்டென்பதை அப்படம் காட்டிற்று.

புகழ் நிலையாமை எல்லார்க்கும் பொது. மூத்த வாடியா சிறந்த கலைப்படங்கள் எடுக்க விழைந்தார். 1941-இல் சாதனா போஸ் நடித்த ‘ராஜ நர்த்தகி’ என்னும் படத்தை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுத்தார். தம்பி ஹோமியோ ஸ்டண்ட் படங்களையே நம்பினார். இவ்வேற்றுமையால் இருவரும் தொழிலிற் பிரிந்தனர். 1942-இல் ஹோமி ‘பசந்த் பிக்சர்ஸ்’ என்னும் தனிக் கம்பெனியைத் தொடங்கினார். லவ்ஜி காஸிலிலிருந்த படக்கூடம் பின்னர் வி. சாந்தாராம் கைக்கு மாறி ராஜ்கமல் ஆயிற்று. நாடியா ஹோமியோடு சென்றார். 1943-இல் பசந்த் வெளியிட்ட ‘ஹண்டர்வாலி கி பேட்டி’, அதாவது சாட்டைக்காரியின் மகள், பெரும் வெற்றி பெற்றது. பின்னர்ப் புராணப் படங்களும் அரபிக்கதைப் படங்களும் ஓங்கின; ஸ்டண்ட் படங்களின் செல்வாக்கு மெல்ல மெல்லக் குன்றிற்று. 1968-இல், அறுபது வயதிலே, ‘கிலாடி’ என்னும் படத்தில் நடித்ததோடு அம்மையார் திரையுலகிலிருந்து விலகினார்.

அவர் வாழ்க்கையில் யாம் வியக்கும் மற்றொன்று அவரது பொறுமை. ஹோமியும் நாடியாவும் ஒருவரையொருவர் விரும்பி நெடுங்காலம் வாழ்ந்தனர். வேற்றினத்துப் பெண், முன்னரே ஒரு மகனுக்குத் தாய் என்னும் காரணங்களால் ஹோமியின் அன்னையார் அம்மணத்துக்கு இசையவில்லை. அன்னையின் மனத்தை நோகச் செய்ய ஹோமி உடன்படவில்லை. நாடியாவும் அவரை வற்புறுத்தவில்லை. அன்னையார் மறைந்த பின்னரே, 1961-ஆம் ஆண்டில், மணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. வெண்திரையிலே ஒரு கணத்தில் பத்துப் பேரை வீழ்த்தியவர், வீட்டு வாயிலிலே இருபதாண்டுக்கு மேலாக அமைதியுடன் காத்திருந்தார். இவ்விரண்டனுள் எது பெரிய வீரம் என்று வினவினால், நாம் பின்னதையே சுட்டுவோம்.

1996-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், எண்பத்தெட்டாம் பிறந்தநாள் கழிந்த மறுநாள், மும்பையில் அம்மையார் உயிர் துறந்தார். ஹோமி வாடியா 2004-ஆம் ஆண்டில் மறைந்தார்.

இனி, மறைந்தவரை உலகம் எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதைப் பார்ப்போம். அறிஞர் உலகு அவரைக் கண்டது மிகப் பிந்தியே. நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் தம் சிறுவயது நாயகியைப் போற்றி 1980-இல் ஒரு கட்டுரை வரைந்தார். 1993-இல் வாடியாக் குடும்பத்து இளைஞராகிய ரியாத் வாடியா அம்மையாரின் வாழ்க்கையை ஒரு செய்திப்படமாக எடுத்தார். அம்மையார் உயிரோடிருந்த காலத்திலேயே இச்சிறப்பு நிகழ்ந்தது மகிழ்ச்சிக்குரியது. டோரதே வென்னர் என்னும் ஜெர்மானிய மாது அவரைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். அது 2005-இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விஷால் பாரத்வாஜ் இயக்கிய ‘ரங்கூன்’ வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சாட்டையேந்தி நடிக்கும் ஜூலியா என்னும் நடிகை, சேனை வீரரை மகிழ்விக்கப் பர்மா எல்லைக்குச் செல்வதாகக் கதை. கங்கனா ரனாவத் ஜூலியாவாக நடித்தார். சாட்டையும் முகமூடியும் ரயில் மேற் சண்டையும் நம் அம்மையாரை நினைவூட்டுவன. வாழ்க்கைக் கதையோ முற்றிலும் வேறு.

பழைய எளிய படங்களைப் போற்றிப் புதிய படம் எடுத்தல் இக்காலத்தில் உலகெங்கும் பரவிய வழக்கமாகும். அமெரிக்காவிலே டாரண்டினோ, ராட்ரிகஸ் என்னும் இருவர் 2007-இல் ‘கிரைண்ட்ஹவுஸ்’ என்னும் பெயரால் இரட்டைப் படம் எடுத்தனர். மலிவான கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த பழம்படங்களைப் போலத் தோன்றும்படி, புதிய படத்திலே வேண்டுமென்றே கீறல்களை இட்டனர். இடையிலே ஒரு சுருள் காணாமற்போனதாகவும் காட்டினர். தமிழிலும் 2010-ஆம் ஆண்டில் சிம்புதேவன் இயக்கிய ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ இவ்வகையினதே. 1972-இல் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ முதலிய குதிரைவீரர் படங்களை அது நகைச்சுவையோடு நினைவூட்டிற்று.

இப்போற்றுதல்களை நாம் குறை கூறவில்லை. மறந்த பெயர் ஒன்று இளைஞர் வாயில் மீண்டும் வழங்கினால் அதுவே நன்மை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழம்படத்திலிருந்த கீறல் அழகுக்காக இட்டதன்று. ஒரே சுருளை ஊர் ஊராகக் கொண்டுசென்று, பழைய இயந்திரங்களில் ஓட்டி ஓட்டித் தேய்ந்தமையால் உண்டான தழும்பு அது. நாடியா கூரைமேல் நின்றது விந்தைக்காக மட்டுமன்று, அன்றைய கூலிக்காகவுமே. முன்னோர்க்கு வறுமையால் நேர்ந்தது பின்னோர்க்கு அணியாக மாறிவிடுகிறது. மூலப்படத்தின் செலவினும் பன்மடங்கு பணத்தைக் கொட்டி எடுத்த நினைவுப் படத்திலே, சாட்டை விளங்குகிறது. சாட்டையைப் பிடித்த கையிலிருந்த காய்ப்பு விளங்குவதில்லை. வேடத்தைப் போற்றுதல் எளிது. உழைப்பைப் போற்றுதல் அரிது. முன்னதைச் செய்து பின்னதை மறப்போமாயின் நம் வணக்கம் பாதி வணக்கமேயாகும்.

மூலப்படங்களைப் பேணுதலும் அத்தகைய உழைப்புக்குச் செய்யும் மரியாதையே. அக்காலத்துப் படச்சுருள் எளிதிலே தீப்பற்றும் தன்மையது. ஓடி முடிந்த சுருள்களை உருக்கி அவற்றிலுள்ள வெள்ளியை எடுத்தவரும் உண்டு. இந்திய அரசாங்கம் பூனா நகரத்திலே திரைப்படக் காப்பகத்தை நிறுவியது 1964-ஆம் ஆண்டிலேதான். அதற்குள் இந்நாட்டில் எடுத்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊமைப்படங்களுட் பெரும்பாலன அழிந்தொழிந்தன. இழிவென்று ஒதுக்கிய பொருளைக் காத்துவைப்பார் யார்? மதியாமையே முதல் அழிவு. தீயும் கறையானும் அதன் பின்னரே வருகின்றன.

இப்போது காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குத் திரும்புவோம். அவ்வூர்ப் பெண்கள் விடியுமுன் கரைக்கு வந்து, ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாக விற்று, குடும்பம் காப்பவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையைச் சூறையாடியது. உற்றாரை இழந்த வீடுகளிலிருந்தும் சின்னாளில் அதே கூடைகள் மீண்டும் வெளிவந்தன. அவர்களைப் பற்றி யாரும் படமெடுக்கவில்லை. அவர்கள் பெயரால் யாரும் சீட்டுக்கட்டு விற்கவுமில்லை. ஆயினும் தாயையும் மகனையும் காக்கும் பொருட்டுக் கடையிலும் நடனக் குழுவிலும் சர்க்கஸிலும் பணிபுரிந்து, பின்னர் ரயில் கூரை மீதும் ஏறிய அவ்வம்மையாருக்கும் இவர்களுக்கும் உள்ள உறவை, கண்ணுடையார் காண்பர்.

அன்று மாலை அம்மாணவர்க்கு இவ்வரலாற்றின் முற்பகுதியைக் கூறினோம். யாவரும் சண்டைக் காட்சிகளைப் பற்றியே வினவ, அவர் மட்டும் வேறொன்று கேட்டார். அம்மையார் வேலைக்குச் சென்ற வேளையில் சிறு மகன் யாரிடம் இருந்தான் என்பதே அவர் வினா. அம்மையாரின் தாயாரும் உடன் வந்திருந்தாரே என்று விடை கூறினோம். சிறிது நேரம் கடலையே நோக்கியிருந்த அவர், தம்மையும் பாட்டியே வளர்த்ததாக மெல்ல உரைத்தார். பின்னர், தம் தாய் விடியற்காலை மூன்று மணிக்கே எழுபவர் என்பதையும், தம் கல்லூரிச் சம்பளம் முழுவதும் அக்கூடையிலிருந்தே வந்தது என்பதையும் நண்பர் யாவரும் கேட்கும்படி கூறினார். அப்போது அவர் முகம் கவிழவில்லை.

நண்பர்களே, நாடியா அம்மையாரின் சாட்டையை நாம் ஏந்த வேண்டுவதில்லை. தம் உருவையும் பெயரையும் தொழிலையும் மறைக்க மறுத்த அவரது நெஞ்சுறுதியை ஏற்போமாக. நம்மைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்த கைகள் எவையோ, அவற்றின் காய்ப்பைக் கண்டு நாணாதிருப்போமாக. அதுவே அவருக்கு நாம் செய்யும் முழு வணக்கம்.